நிறமில்லாத குழாய்

செவ்வாப்பேட்டையில் வெள்ளிக்கு டச் பார்ப்பவன் நான்.
கொலுசில் இம்மியளவு சுரண்டி
எழுபதா எண்பதா என்று சீட்டெழுதி,
கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்துவது பிழைப்பு.
இங்கிருந்து கடல்
நான்கு மணி நேரத்துக்குக் குறையாது.
கடைக்கு மேல்மாடியில்
முந்நூறு லிட்டர் வைத்திருக்கிறேன்.

மேட்டூர்த் தண்ணீரை வடிகட்டி
வடிகட்டியதை இன்னொரு முறை வடிகட்டி
தராசில் நிறுத்துப் போட்ட உப்பு.
வெள்ளைக் கல் மலைமலையாய் வெட்டுகிற ஊரில்
மக்னீசியம் பாட்டிலுக்கு
ஜெர்மனிக்காரனுக்குப் பணம் கட்டுகிறான் என்று
வினோதினி
வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

முதல் வருடம் பாறையெல்லாம் பச்சை மயிர்.
மீன் தின்றது போக மிச்சம், மீன் கழித்தது,
எல்லாம் தண்ணீரில் கரைந்து
நைட்ரேட் குழாய் செம்பருத்தியாய்ச் சிவக்கும்,
பாஸ்பேட் குழாய் சொட்டு நீலமாகும்.
எனக்கு ரோஷம் வந்தது.
நுரை கக்கும் ஸ்கிம்மரைப் பெரிதாக வாங்கினேன்,
அது கோப்பையில் சேர்த்த கரும்பச்சைச் சாறு
நாறியது, நான் மகிழ்ந்தேன்.
மூன்று நாளைக்கொரு துணிப்பை மாற்றினேன்.
பாஸ்பேட்டை இழுக்கும் இரும்புத் துகள்,
கீழ்த்தொட்டியில் விடிய விடிய விளக்கெரித்துப்
பாசிச் சுருளுக்கு ஒரு விடுதி,
மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்
ஒரு சிட்டிகை.

இரண்டு குழாயும் பச்சைத் தண்ணீராய் நின்ற ஞாயிறு
அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
‘இதுல என்ன இருக்கு?’
‘ஒண்ணுமில்ல. அதத்தான் பாக்கச் சொன்னேன்.’

மூன்றாவது வாரம்
பொத்தான் பவளங்கள் வாயை மூடிக்கொண்டன.
மணல்மேல் பழுப்புச் சளி,
குமிழ் கோத்த நூல்நூலாக.
நத்தைகள் மல்லாந்தன. நிமிர்த்தினேன்.
மறுபடி மல்லாந்தன.

தூத்துக்குடிக்குப் போன் போட்டேன்.
ஸ்டெனிஸ்லாஸ் மோத்தா ஒன்றே கேட்டான்:
நம்பர் என்ன?
பூச்சியம். ரெண்டும் பூச்சியம், என்றேன்,
குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.
அந்தப் பக்கம் மீன் ஏலச் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு அவன்:
‘அண்ணே, பட்டினி போட்டுட்டு
பாத்திரம் கழுவிட்டு இருக்கீங்க.’

கோபமாகத்தான் கீழே இறங்கினேன்.
புதுசாகப் பட்டறை போட்ட பையன் ஒருவன்
சொக்க வெள்ளிக் கம்பியோடு நின்றான்.
கொக்கி வைத்தால் நிற்கவில்லையாம்,
இழுத்தால் வளைகிறதாம்.
செம்பு சேருடா, என்றேன்.
இதை நான்
ஐந்நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன்.
சொல்லிவிட்டு
அவன் சில்லறை கொடுத்ததை எண்ணாமல்
மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரும்புத் துகளை எடுத்துப் போட்டேன்.
ஸ்கிம்மருக்கு ராத்திரி மட்டும் வேலை.
உறைந்த இறாலை அலசாமல்
சாறோடு கொட்டினேன், தினமும்.
கை அரித்தது.
கண்ணாடியில் படிந்த மெல்லிய அழுக்கை
துடைக்காமல் இருப்பதற்கு
கடைச்சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு வாரம்.
பழுப்பு இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது.
நத்தையில் நான்கு போனது போனதுதான்.
நேற்று மின்சாரம் போய் வந்த பிறகு
வினோதினிதான் கூப்பிட்டாள்.
ஒரே ஒரு பொத்தான்,
பச்சை வட்டத்துக்குள் ஆரஞ்சு,
மற்றவை திறக்காத பாறையில்.

குழாயை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
தண்ணீர் நிறையக் கலந்த
ரோஸ்மில்க் நிறம்.
சட்டைப்பையிலிருந்த சீட்டில்
நைட்ரேட் ஐந்து, என்று எழுதி
பழக்கதோஷத்தில் கையெழுத்தும் போட்டு,
கீழே போய்
முத்திரையும் குத்தினேன்.