ஒன்பதடி வயர்

செங்கல் கனத்தில் ஒரு கைவானொலி.
எட்டு பற்றரி போட்டதும்
பாசையூர்க் கரையில் வாத்தொன்று கதைத்தது.
குமிழை ஒரு மயிரிழை திருப்ப
வாத்து ஸ்ரனிஸ்லாஸ் ஆனது:
"கேக்குதோ? மண்டைதீவு தாண்டிட்டன்."

அந்தக் குமிழ் கேட்பதை மட்டுந்தான் நகர்த்தும்.
பின்மூடியைக் கழற்றி
அரிசியளவு தடையொன்றைத் தூக்கி எறிந்தேன்.
இனிப் பேச்சும் கூடவே போகும்.
அன்ரனா குட்டை,
அடியில் ஒன்பதடி வயர் தொங்கவேணும்.
கைநூலில் அதற்குப் புலிவால் என்று பேர்.
இறங்குதுறையில் கடற்படைப் பொடியன்
இதென்ன என்று கேட்டான்.
வயர், என்றேன்.

ஸ்ரனிஸ்லாசும் தன்ரையில் அதே வேலை செய்தான்.
அன்றிரவு அவன் குரல் கீச்சிட்டது, திருகினேன்.
என்ரை தடிக்குதெண்டு அவன் திருகினான்.
பிறகு நான். பிறகும் அவன்.
நண்டு விலை, மண்ணெண்ணெய்க் கடன்,
மச்சாளுக்கு விசா மறுத்த கடிதம்,
கதைத்துக் கதைத்து
இருந்த இடத்தை விட்டே வழுகி
ஆரோ இந்தோனேசியாக்காரரின் சிரிப்புக்குள் போய் விழுந்தோம்.

"ஒராள் அசையாமல் நிக்கவேணும்," என்றான்.
"ஆர்?"

இந்த முறையில் வாய் மூடினால்
ஒன்றுமே புறப்படாது,
மூச்சுக்கூட.
அவன் நிற்கிறானோ
திருகிக்கொண்டு போய்விட்டானோ.

வயர் முழங்காலில் சுற்றிக் கிடந்தது.
குமிழிலிருந்து விரலை எடுத்து
மடியில் வைத்தேன்.