தன்மைப் பன்மை

திருத்துறைப்பூண்டி, நீர்ப் பங்கீட்டு மன்றம்,
இரண்டாம் மாடி, மூன்றாம் மேசை.
வருகிற மனுக்களில் ஒரு சொல்லை அடிப்பது
என் வேலை.

'நான்' என்ற சொல்லை என்று நினைப்பீர்கள்.
இல்லை, நானுக்குத் தடை கிடையாது.
நான் என்று வந்து நிற்பவனுக்கு
ஒரு குடம் தண்ணீர், ஒரு ரசீது.
குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.
ஒற்றை ஆளால் மதகுக்கு என்ன ஆகிவிடும்?

தடை 'நாங்கள்' மீதுதான்.
நாங்கள் என்றால் யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார்.
வெளியே ஒருவரும் இல்லை என்பது
மன்றத்தின் முதல் விதி.
கல்லணை முதல் கோடியக்கரை வரை நாம்.
நாம் ஒரே நாளில் விதைக்கிறோம்.
ஒரே விதை, ஒரே உரம்,
ஒரே மணிக்கு ஒலிபெருக்கியில்
நமக்கு நாமே நன்றி சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே நாங்கள் மேல் சிவப்புக் கோடு,
பக்கத்தில் நாம்.
எங்கள் மேல் கோடு,
பக்கத்தில் நம்.

'எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை.'
திருத்துவேன்.
'நம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை.'
திருத்திய அந்த நொடியே மனு பொய்யாகிவிடும்.
நம் வாய்க்காலில்தான் தண்ணீர் இருக்கிறதே,
சராசரி மூன்றடி இரண்டங்குலம் என்று
சுவரில் பலகை எரிகிறதே.
'பொய்' என்று முத்திரை குத்த
அடுத்த மேசையில் சவரிமுத்து.
எட்டு வருஷம்.
இலக்கணத்தால் எவனும் செத்ததில்லை என்பார்,
டீ வந்ததும்.

ஐப்பசியில் ஒருத்தி வந்தாள், தமயந்தி.
தலைஞாயிறுக்குக் கிழக்கே, பதினொன்றாம் கிளை.
கையில் காகிதம் இல்லை.
ஒரு மண்கட்டியை மேசைமேல் வைத்தாள்.
வெடிப்பில் என் சுண்டுவிரல் நுழையும்.
ஓரத்தில் உப்பு பூத்திருந்தது.

"நாங்க முப்பத்தெட்டு வீடு" என்றாள்.
"நாம்" என்றேன், பழக்கத்தில்.
"நீங்களா?
நீங்க எங்கேர்ந்து வந்தீங்க இதுல?
காலைல குளிச்சிட்டுத்தானே வந்தீங்க."

கோபமில்லை.
நெல்மூட்டை எண்ணுகிற குரல்.
என்னைத் தள்ளி வைத்துவிட்டு
மேலே எண்ணப் போனாள்.

எட்டு வருஷத்தில் முதல் தடவை
ஒரு சொல்லுக்கு வெளியே நின்றேன்.
அங்கே காற்று இருந்தது.
கழுத்தில் சோப்பு வாசனை, என்னுடையது.
இடது காலில் செருப்புக் கடி, என்னுடையது.
வெட்கமும்தான்.
இத்தனை நாள் எங்கே வைத்திருந்தேன்
இந்த ஆளை?

அவள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன்.
மூன்று இடத்தில் எங்கள்,
ஓரிடத்தில் நாங்கள்.
சிவப்புப் பேனாவை மூடியே வைத்திருந்தேன்.
சவரிமுத்து முத்திரையை ஓங்கினார்,
ஓங்கிய கை அங்கேயே நின்றது.
பொய் இல்லை, குத்த முடியாது.
மெய் என்று ஒரு முத்திரை
அந்தக் கட்டடத்தில் செய்யப்படவே இல்லை.

மார்கழியில் எனக்கு வேலை இல்லை.
பஸ் ஏறிப் போனேன்.
வாய்க்காலில் ஆகாயத்தாமரை
அப்பளமாகக் காய்ந்து கிடந்தது.
"தண்ணி வரல" என்றாள்.
"ஆள் வந்தாங்க.
நம்பர் கல்லைப் பேத்துட்டுப் போனாங்க.
பத்துக்கு அடுத்து இனிமே பன்னண்டாம்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
எங்களைக் கழித்ததில்
சராசரி அரை அங்குலம் ஏறியிருக்கும்.
எங்களை என்றா நினைத்தேன்?

"உக்காருங்க,
நாம இன்னொண்ணு எழுதுவோம்" என்றாள்.

ஒலிபெருக்கிப் பழக்கத்தில் சொன்னாளா,
என்னைச் சேர்த்துச் சொன்னாளா?
கேட்கவில்லை.
காகிதம் இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.