மூன்றாவது நோட்டு

நாற்பது பக்க நோட்டு. இது மூன்றாவது.
தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், என்ன நாற்றம்.
அழுகின முட்டைக்கோசு, இரவு பதினொன்று, மேல்காற்று.
நகப்பாலிஷ், விடியல் நாலரை.
செத்த எலி, ஆனால் எலி இல்லை.
சிப்காட்டுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே
குடிகாட்டில் வாக்கப்பட்டவளின் மூக்கு
இப்படித்தான் எழுத்துப் படித்தது.

போன ஐப்பசியில் ஒரு புது வாடை.
எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் மூடிவைத்தது போல,
நனைந்த அட்டைப்பெட்டி போல,
அடியில் ஒரு துளி இனிப்பு.
"பெயர் தெரியவில்லை" என்று எழுதினேன்.
மறுநாள் கடல்காற்று. அப்போதும் இருந்தது.
மூன்றாம் நாள் வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை.
இருந்தது.
அஞ்சலாட்சி வீட்டில் போய் முகர்ந்தேன். இல்லை.
"உனக்கு மூக்குல பித்து ஏறிப்போச்சுடி" என்றாள்.

காற்றின் பின்னாலேயே அலைந்தவள்
முதல்முறை சுவரின் பின்னால் போனேன்.
அடுப்படி, அரிசி டிரம், மிக்சி வந்த பெட்டி.
பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தபோது
மோட்டார் சூட்டில் வாடை கெட்டியாகி
முகத்தில் ஒட்டியது.
டார்ச் அடித்தேன்.
சுவர் நகர்ந்தது.

ஒன்றிரண்டு கரப்பானுக்கு வாடை கிடையாதாம்.
வாடை எட்டினால் குடும்பம்,
இப்படி எட்டினால் ஊர்.
உரக்கடைப் பையன் சொன்னான்:
நாற்றம் இல்லக்கா அது, பேச்சு.
இங்க சூடு இருக்கு, தண்ணி இருக்கு, வா.

எனக்குப் பயம் கரப்பானிடம் இல்லை.
இரண்டு வருஷம் முன்னால் மனுவோடு போனபோது
நோட்டைத் திறக்காமலே அதிகாரி சொன்னார்:
"வீட்ட சுத்தமா வெச்சுக்குங்கம்மா.
கரப்பான் இருந்தாகூட நாறும்."
பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.
கடைவாயில் ஒரு பல் இல்லை அவருக்கு.

இரவோடு இரவாகப் பசை மருந்து,
கடுகளவு, மூலைக்கு மூலை.
ஞானசேகருக்குக்கூடச் சொல்லவில்லை.
நாலாம் நாள் வாடை மாறியது,
இனிப்புப் போய்ப் புளிப்பு.
அள்ளினேன். ஒரு முறம்.
தேயிலைத்தூள் மாதிரி எச்சம்,
பூட்டிய பர்ஸ் மாதிரி முட்டைக்கூடுகள்.
கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.
நூல் தையல் நோட்டு.
ஒரு தாளை இழுத்தால்
எதிர்த் தாளும் கையோடு வரும்.
எழுதினேன்:
"காற்று இல்லை. கரப்பான்.
எங்களுடையது. எடுத்துவிட்டோம்."

அதோடு பேனா தீர்ந்தது.
அடுத்த வரி மகனின் பச்சை ஸ்கெட்சில்:
இரவு பதினொன்று பத்து. மேல்காற்று.
முட்டைக்கோசு.