வெட்டாமல் விட்ட இருமல்

ஹூக்காவை நான் நேரில் கண்டதில்லை,
செல்போனில்தான்.
காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகிற ரோட்டில்
எங்கள் தொட்டிக்கரிக் கம்பெனி.
அரைத்து, மாவு கலந்து, சதுரமாய் அழுத்தி,
காய வைத்து, எண்ணிப் பெட்டியில் அடுக்கினால்
கப்பலேறிப் போய்
யாரோ ஒருவர் வீட்டு மேசையில் கனலும்.

‘அந்தூர்க்காரங்க நம்ம கரியப் பத்தி
என்ன பேசறாங்கன்னு பாத்து எழுதி வையம்மிணி’
என்று முதலாளி தெய்வசிகாமணி
ஒரு நோட்டும் கம்பெனிப் போனும் கொடுத்தார்.
பாஷை தெரியாதுங்களே என்றேன்.
கரி தெரியுமில்ல என்றார்.

அன்றிலிருந்து பொழுதோட அரைமணி நேரம்
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

ஒருத்தன் பெட்டியைப் பிரிக்கும் முன்பே சிரிக்கிறான்.
பற்ற வைக்கும் முன்பே கட்டைவிரலை உயர்த்துகிறான்.
பின்னால் நீல விளக்கு, ஊதா விளக்கு,
நெருப்பு என்ன நிறமென்றே தெரியவில்லை.
எழுதினேன்: இவனுக்குப் பெட்டி சும்மா வந்திருக்கும்.

இன்னொருத்தன் மூன்று கட்டியை அடுப்பில் வைத்தான்.
கண் சிமிட்டுவதற்குள் மூன்றும் பழுத்திருந்தன.
நடுவே வெட்டியிருக்கிறான்.
வெட்டின இடத்தில்தானே
என்ற கரி வெடித்ததா, பொரிந்ததா,
வாடை அடித்ததா என்பதெல்லாம் இருக்கிறது?
பத்து நிமிஷம் காத்திருக்க மாட்டாதவன்
பக்குவம் சொல்ல வந்துவிட்டான்.

மயிலாத்தாள் எட்டிப் பார்த்து
‘பொகை வுடறதுக்குமா பள்ளிக்கூடம்’ என்றாள்,
டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடந்தான்.
நாற்பது வயதிருக்கும் ஒருத்தி, நரையை மறைக்காதவள்,
பறைக்குத் தோல் இழுக்கிற மாதிரி
வெள்ளித்தாளைக் கிண்ணத்தின் மேல் இழுத்துக் கட்டி
ஊசியால் குத்திக் காட்டினாள்.
முதல் தரம் தாள் கிழிந்தது.
அதையும் காட்டினாள்.
கரி அதிகமாகி உள்ளே இருந்தது கருகிற்று.
இழுத்தாள்.
கண்ணில் நீர் வர, தோள் குலுங்க,
மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.
அந்த இருமலை வெட்டாமல் விட்டிருந்தாள்.
சத்தமில்லாமலே எனக்குக் கேட்டது.
இவள் எது சொன்னாலும் நம்பலாம் என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்.

எங்கள் ஐப்பசிச் சரக்கைக் கொளுத்தியவன் வேறொருத்தன்.
சுவரில் கடிகாரம். அதை மறைக்காமல் உட்கார்ந்திருந்தான்.
பதினாலாம் நிமிஷம் ஒரு கட்டி கீறல் விட்டது.
மூக்கைச் சுளித்தான்.
ஒரு மணி நேரம் கழித்துச் சாம்பலைத் தட்டில் கொட்டி
விரலில் தேய்த்துப் பார்த்தான்,
வெள்ளைதான், அதையும் ஒளிக்கவில்லை.
ஐந்துக்கு மூன்று.

முதலாளிக்கு முகம் சுண்டிப்போயிற்று.
அவன் சொல்றது நெசமுங்க என்றேன்,
அந்த வாரம் அடைமழை, சரக்கு காயல,
கண்டெய்னர் நிக்குதுன்னு நீங்கதான் அவசரப்படுத்தினீங்க.

கடைசியில் அவன் மூடியைத் திருப்பினான்.
உள்பக்கம் கரியாய் ஒரு கட்டைவிரல் ரேகை.
கேமராவுக்கு வெகு பக்கத்தில் பிடித்து
என்னமோ சொன்னான்.
அங்கே மட்டும் சத்தத்தைத் திறந்தேன்.
புரியவில்லை.
சளி பிடித்த குரல்.

தொட்டி சுடுகிற குழி கிழக்கே இருக்கிறது,
வடிவாத்தாள் வீட்டுக்கு அடுத்த காட்டில்.
அங்கே எழும்புகிற புகைக்கு
யாரும் நட்சத்திரம் போடுவதில்லை.
அவளுடைய சின்னதின் இருமலும்
வெட்டாமல்தான் ஓடுகிறது, ராத்திரி முழுக்க.
நோட்டில் எழுதுகிற சங்கதியா இது, தெரியவில்லை.
தேதி போட்டு,
ஒரு பக்கம் விட்டு
எழுதி வைத்திருக்கிறேன்.