எஃப் 12

ஓரத்தில் ஒற்றை இருக்கையை விட்டுவிட்டு
முன்பதிவு செய்ய முடியாது என்றது செயலி.
இரண்டாக வாங்கினேன்.
பழக்கமும் அதுதான்.

மாட்டுங்காவில் விடாத மழை. ஞாயிறு காலைக் காட்சி.
தேசிய கீதத்துக்கு எல்லாரும் எழுந்தபோது
எஃப் 12 ஏற்கெனவே
மடங்கி நின்றுகொண்டிருந்தது.
பிறகு என் கைப்பையை வைத்து அதை அமர்த்தினேன்.

கறுப்பு வெள்ளைப் படம். கதை இவ்வளவுதான்:
உப்பளத்து ஊரில் ஒருத்தி,
கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை,
இரவானால் கூடத்தில் ஈரக் காலடிகள்.
பாதிரியார் வருகிறார், டாக்டர் வருகிறார்.
அவள் தரையைத் துடைக்க மறுக்கிறாள்.

சுடலைமுத்துவுக்குப் பேய்ப்படம் ஆகாது.
சுடுகாட்டுச் சாமியின் பேரை வைத்துக்கொண்டு
விரலிடுக்கில்தான் படம் பார்ப்பான்.
"போயிட்டாக்கா?"
திரையில் அது முழுசாக நிற்கும்போதே
"போயிட்டுல, கண்ணத் தொற" என்பேன்.
அலறுவான். முன்வரிசைக்காரர் மராட்டியில் திட்டுவார்.
அடுத்த வாரமும் வருவான்.

எடுத்தவர்கள் இந்தப் படத்துக்கு இடைவேளை வைக்கவில்லை.
இங்கே வைத்தார்கள்.
அவள் கை தாழ்ப்பாளில் பட்ட நொடியில் விளக்கு எரிந்தது.
சனம் சமோசாவுக்கு எழுந்து போனது.
கதவுக்கு அந்தப் பக்கம்
நனைந்த ஒருவன் பதினைந்து நிமிஷம் நிற்கிறான்.

தோள்பட்டை ஈரமாக ஒருவர் வந்தார்.
தன் இருக்கைமேல் கூரை ஒழுகுகிறதாம்.
பையைக் காட்டி, "கோயி ஹை க்யா?"
"ஹை" என்றேன்.
கழிவறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

சயான் ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்து
எல்லாம் முடிந்த பிறகு
பதினாறு நாள் தூங்காமல் இருந்தேன்.
ஒரு டம்ளர் உருளவில்லை.
விசிறி தானாக நிற்கவில்லை.
பத்துக்குப் பத்து அறை,
மேலே பரண், கீழே கேஸ் சிலிண்டர்,
எங்கே ஒளிந்துவிட முடியும்?
எட்டாம் ராத்திரி
வாசல் தொடங்கி அவன் பாய்வரைக்கும்
அரிசிமாவைப் பரப்பிவைத்தேன்.
விடிந்து பார்த்தால்
எலி நடந்த தடம்,
வால் இழுபட்ட கோடு.
அதையும் இரண்டு நாள் கூட்டவில்லை.

இரண்டாம் பாதியில் அவள் கதவைத் திறந்தாள்.
பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்:
பேயைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பி தெரிகிறதாம்.
தெரிந்தது.
கம்பியில் தொங்கியாவது
வந்து சேர்ந்தானே அவள் பிள்ளை.

அப்போது பை கனம் போதாமல்
எஃப் 12
ஒரு முனகலோடு மெல்ல எழுந்தது.

திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்:
இன்னும் நிக்குதுல.
கண்ணத் தொறந்துராத.