லைசென்ஸ் வந்த பிறகு

அம்பாறைக் கடைக்காரன்
மேசையில் மூன்றை வைத்தான்.
பெரிதை என் பக்கம் தள்ளினான்:
"பதினைஞ்சு ரவுண்ட். மில்காரங்க இதத்தான் எடுக்கிற."
நெல்லு விலை விழுந்த போகம், தம்பி,
தோட்டா என்ன விலை, அதைச் சொல்லு.

இரண்டாவதின் ஸ்லைட்
மூட்டை தைக்கிற என் விரலுக்கும்
இழுபடவில்லை.

மூன்றாவது பழசு.
பிடியில் ஆணியால் கீறிய ஆர்.கே.
இழுபட்டது.
வெறுமையாய் ரெண்டு தரம் கிளிக்கென்றது.
"ஆர்.கே. ஆரு?"
அவன் பில் புத்தகம் தேடினான்.

சம்மாந்துறை பஸ்ஸில்
மடியில் பெட்டி.
பக்கத்துச் சீட்டுக்காரி கேட்டாள்,
"கேக்கா தங்கச்சி?"
ஓம் என்றேன்.
மல்வத்தையில் அவள் இறங்கும் வரை
சாயாமல்
பிடித்துக்கொண்டு வந்தேன்.