வலிக்கவில்லை

குவாரி ரோட்டில் பெயின்ட் கலக்கும் லூர்துநாயகத்தின் கண்ணில்
அந்த நிறத்தை முதலில் பார்த்தது
தேத்தண்ணி கொண்டுவரும் வவுனியாப் பையன்.
“அண்ணே, செங்கண்மாரி” என்றான்.
கிளாஸை இரண்டடி தள்ளி வைத்தான்.

அவ்வளவுதான்.
பின்னேரத்துக்குள் கடைக்குக் கடை ஒரு வைத்தியர்.
ஆணிக்கடை முதலாளி: குடி.
குடித்து யாரும் பார்த்ததில்லை, அதனாலேயே நிச்சயம் குடி.
லொறி இறக்குபவன்: எலிக்காய்ச்சல்,
போன கிழமை வெள்ளத்தில் கால் வைத்தாரல்லவா.
ரோட்டோர ஐஸ் சர்பத் என்றார் இன்னொருவர்.
யாரோ கீழாநெல்லியை வேரோடு கொண்டுவந்து
கல்லாமேல் போட்டுவிட்டுப் போனார்.
மண் உதிர்ந்து என் பில் புத்தகம் அழுக்கானது.

ஒன்பது நாள் குடித்தார், மோரில் கலந்து.
மஞ்சள் கழுத்துக்கு இறங்கியது.
பிறகு நெஞ்சுக்கு.
இரவெல்லாம் சொறிந்துவிட்டு வந்து
வயர் பிரஷ் என்ன விலை என்று கேட்டார்,
சிரிக்காமல்.

பெரியாஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனது சிங்களத்துக்காக.
சின்ன டொக்டர், தூக்கம் கெட்ட பெண்பிள்ளை,
மூத்திரம் என்ன நிறம் என்றாள்.
திருப்பிச் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை.
முப்பத்தொரு வருஷம் நிறம் கலந்த மனுஷன்.
“தேக்கு வார்னிஷ். இரண்டாவது கோட்.”
மலம்?
“சுவருக்குப் பூசுற பட்டி. துளி சாயம் இல்லை.”
இப்படிச் சரியாக யாரும் சொன்னதில்லை என்று அவள் எழுதிக்கொண்டாள்.
அவருக்குப் பெருமை.

இரத்தம் மூன்று குழாயில் போனது, தாளாகத் திரும்பிவந்தது.
பிலிருபின் பதினாறு.
அதில் பெரும்பங்கு ஈரலைத் தாண்டிய வகை.
ஈரல் தன் வேலையைச் செய்திருக்கிறது, என்றாள்,
வழிதான் அடைத்திருக்கிறது.
புறக்கோட்டைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
லொறி நிறைந்து நிற்கும்.
சந்து முனையில் எவனோ குறுக்கே விட்டுவிட்டுப் போயிருப்பான்.

ஸ்கேனில் பித்தக்குழாய் விரலளவு வீங்கியிருந்தது.
“ஒன்று, கல். கல் என்றால் உயிர்போக வலிக்கும்.
இல்லாவிட்டால்...”
அவளுடைய போன் அடித்தது.

பெரிய டொக்டர் வந்தார்.
வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து
மூச்சை இழுக்கச் சொன்னார்.
“ரிதெனவாத?”
வலிக்குதா?
“இல்லை.”
இன்னும் அழுத்தினார். “ரிதெனவாத?”
“துளிகூட இல்லை, சேர்.”
மூன்றாம் முறை அது கேள்வி மாதிரி இல்லை,
கெஞ்சுவது மாதிரி இருந்தது.
லூர்துநாயகம் பரீட்சையில் தேறியவர்போல
தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தானே சொன்னார்:
“கொஹெத்ம நே!”

இரண்டு டொக்டர்களும்
ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்ததை
நான் பார்த்தேன்.

பிறகு பெரியவர் என்னிடம் பேசினார், மெதுவாக.
வலியே இல்லாத மஞ்சளைப் பற்றி,
விரலுக்குத் தட்டுப்பட்ட வழவழப்பைப் பற்றி,
கணையத்தின் தலையைப் பற்றி.
இன்னும் நிச்சயமில்லை என்றும் சொன்னார்.
அதை இரண்டு தரம் சொன்னார்.

“இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமாம், அண்ணே. வியாழக்கிழமை.”
“அவர் நிறையச் சொன்னாரே.”
“சிங்களத்தில நீளமாத்தான் வரும்.”

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பொய்.
கட்டிலில் படுத்தபடி வார்ட்டுச் சுவரைப் பார்த்தவர்
வெள்ளையை வெள்ளையென்றே சொன்னார்,
சாம்பல் கொஞ்சம் கூடிப்போச்சு என்றார்,
“மலிவு இமல்ஷன். ஒரு கோட்டோட விட்டிருக்காங்க.
அடியில பழைய பச்சை தெரியுது.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

“நல்லாப் பாரு,” என்றார். “அடியில இருக்கு.”